விதைநெல்லை வீட்டிலேயே எடுத்து வைக்க

மழை இப்போதெல்லாம் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. தண்ணீர் தேங்கும் வயலுக்குக் காட்டுயானம், வறட்சிக்கும் உப்பு மண்ணுக்கும் குழியடிச்சான் என்று இரண்டு ரகமாவது கையில் இருப்பது நல்லது.

விதைக்கான கதிரை வரப்போரத்தில் எடுக்காதீர்கள், பக்கத்து வயல் ரகம் கலந்திருக்கும். நடுவயலில் கலப்பில்லாத, நன்றாக முற்றிய கதிராகப் பாருங்கள். உச்சி வெயிலைத் தவிர்த்து, காலையிலும் மாலையிலும் காய வைக்க வேண்டும். ஒரு நெல்லைக் கடித்தால் 'நறுக்'கென்று உடைய வேண்டும், நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஆறிய பிறகே சாக்கில் கட்டுங்கள் (சூட்டோடு கட்டி ஒரு மூட்டையைப் பூஞ்சணத்துக்குக் கொடுத்தவன் நான்). காய்ந்த நொச்சி இலையும் வேப்பிலையும் போட்டு, தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள்.

விதைக்கும் முன் 100 நெல்லை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்துப் பாருங்கள். 80க்கு மேல் முளைத்தால் சரி.

அப்புறம், கொஞ்சம் விதையை வேறு ஊர் நண்பரிடமும் கொடுத்து வையுங்கள். பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேகரித்த நெல் ஜெயராமன், விவசாயிகளுக்கு 2 கிலோ விதை கொடுத்து, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பி வாங்கித்தான் பல ரகங்களைப் பரப்பினார்.