‘நீங்க எந்தப் பக்கம்?’: அரசியலை விளக்கப் போய் பெங்களூருத் தமிழர் செய்யும் தவறுகள்

காவிரியில் தண்ணீர் குறையும் வருடமெல்லாம் பெங்களூரு ஆபீஸில் டீ குடிக்கும் நேரத்தில் யாராவது ஒருவர் கேட்பார்: ‘நீங்க எந்தப் பக்கம்?’ பல வருடமாகப் பதில் சொல்லி வருகிறேன். பாதி தடவை தப்பாகத்தான் சொன்னேன்.

பக்கத்தைச் சொல்வதே முதல் தப்பு. ‘தமிழ்நாட்டுப் பக்கம்’ என்றோ ஒரு கட்சியின் பெயரையோ சொன்னால், அந்தக் கொடியைப் பற்றி அவர் ஏற்கெனவே வைத்திருக்கும் எண்ணத்தையெல்லாம் நம் தலையில் கட்டிவிடுவார். என் அப்பா ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம், கடைமடை. மேட்டூரில் திறக்கிற தண்ணீர் எல்லா வயலையும் பார்த்துவிட்டு, மிச்சம் இருந்தால் எங்களுக்கு வரும். ஒருமுறை, ‘வாய்க்காலின் கடைசியில் இருக்கிறவனுக்கும் அவன் பங்கு போய்ச் சேரணும், அவ்வளவுதான் என் அரசியல்’ என்றேன். கர்நாடகத்தில் காவிரிப் பாசனம் உள்ள மண்டியாவைச் சேர்ந்த சக ஊழியர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், ‘எங்க ஊர்க் கால்வாயிலும் கடைசிக்குத் தண்ணி வராது’ என்றார். அதுவரை நாங்கள் சண்டைதான் போட்டிருந்தோம்.

அடுத்தது, எண்களை எடுத்து வீசுவது. எண் தெரிந்திருக்க வேண்டும், அது வேறு விஷயம். 2007-இல் காவிரி நடுவர் மன்றம் 740 டிஎம்சியில் (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270 என்றது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அதை 404.25, 284.75 என்று மாற்றியது. நாம் ஒரு எண் சொன்னால் அவரிடம் இன்னொன்று இருக்கும். அந்த எண் எந்த நியாயத்தில் வந்தது என்று கேட்டால்தான் பேச்சு நகரும். கர்நாடகத்துக்குக் கூடுதலாகக் கிடைத்த 14.75-இல் 4.75 டிஎம்சி பெங்களூருவின் குடிநீருக்கு. நகரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் காவிரிப் படுகைக்குள் வருகிறது என்று நடுவர் மன்றம் கணக்குப் போட்டிருந்தது. குடிநீருக்கு அப்படிக் கோடு கிழிக்கக் கூடாது என்றது நீதிமன்றம்.

இங்கேதான் நான் நெளிந்தேன். என் வீட்டுக் குழாயில் வருவதும் காவிரிதானே! ஆபீஸில் ‘குடிநீர்தான் முதலில், தீர்ப்பு சரி’ என்பேன்; சித்தப்பா போன் செய்தால் ‘ஆமா சித்தப்பா, அநியாயம்’ என்பேன். என்னைக் கேட்டால், ஆளுக்கொரு பதில் வைத்திருப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. நாளாவட்டத்தில் நாம் எதை நம்புகிறோம் என்பது நமக்கே மறந்துபோகும். ஒருநாள் சொல்லியே விட்டேன்: ‘குடிக்கிற தண்ணி முதல்ல, சித்தப்பா. அப்புறந்தான் குறுவை. அதனால எனக்கு லாபம், உங்களுக்கு நஷ்டம். அதையும் ஒத்துக்கறேன்.’ ‘பட்டணத்துல உக்காந்துகிட்டு நல்லா பேசுறடா’ என்று வைத்துவிட்டார். பொங்கலுக்குத்தான் மறுபடி பேசினார்.

மொழி விஷயத்திலும் இதே கோளாறு உண்டு. 1968-இல் வந்த இருமொழிக் கொள்கையைப் பெருமையாகப் பேசுகிற நம்மவர்களில் சிலர், கடைப் பலகையில் 60 சதவீதம் கன்னடம் வேண்டும் என்று இங்கே சட்டம் வந்தபோது முகம் சுளித்தார்கள். தாய்மொழிக்கு அதன் மண்ணில் முதலிடம் என்பது நம் கொள்கையா, தமிழுக்கு மட்டும் முதலிடம் என்பதா? இரண்டாவதுதான் என்றால் அதையே சொல்லிவிடலாம்.

‘எனக்கு அரசியலே கிடையாதுங்க’ என்பவர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டேங்கர் செலவை வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிப்பதா, தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பதா என்று அபார்ட்மெண்ட் கூட்டத்தில் கேளுங்கள், தொண்டை கிழியப் பேசுவார்கள்.

அப்படி ஒரு கூட்டம் எங்கள் கட்டடத்திலும் 2024 மார்ச்சில் நடந்தது. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்திருந்த நேரம். நம் மோட்டார் தெருக்குழாயிலிருந்து நேரடியாக இழுப்பதால் தெருக்கோடி வீடுகளுக்குச் சொட்டுத் தண்ணீர்கூடப் போவதில்லை, அதை நிறுத்தலாமா என்று ஒரு அம்மா கேட்டார். எல்லோரும் செல்போனைப் பார்த்தார்கள். கடைமடைக்காரன் நானும்தான்.