பொகோட்டாவில் பப்பாளி கொடுக்காதீர்கள்: ஜோடியாகப் போகிறவர்கள் செய்யும் தப்புகள்

கொலம்பியாவில் யாரிடம் பாதுகாப்பு பற்றிக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "நோ தார் பப்பாயா". பப்பாளி கொடுக்காதே. நறுக்கிய பப்பாளியை நீட்டி வைத்தால் எவனும் எடுத்துத் தின்னத்தான் செய்வான், அப்புறம் அழுது பிரயோஜனமில்லை என்று அர்த்தம். தனியாகப் போகிறவர்களுக்கு இது சீக்கிரமே பிடிபட்டுவிடும், ஏனென்றால் அவர்கள் எப்போதும் கொஞ்சம் பயந்துகொண்டேதான் நடக்கிறார்கள். ஜோடியாகப் போகிற நாம்தான் தட்டில் வைத்துக் கொடுக்கிறோம். அவர் பார்த்துக்கொள்வார் என்று நானும், இவள் பார்த்துக்கொள்வாள் என்று அவரும் இருந்து, கடைசியில் ரெண்டு பேருமே பார்த்திருக்க மாட்டோம். நானும் கணவரும் முதுகில் பையோடு எட்டு நாள் அங்கே சுற்றினோம். எங்கள் தப்புகளில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான்.

முதல் தப்பு, இறங்கிய மறுநாளே மலையேறியது. கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டா கடல் மட்டத்துக்கு மேல் 2,640 மீட்டர். நம் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். அந்த உச்சியில் சுமார் 80 லட்சம் பேர் வாழ்கிற ஒரு ஊரைத் தூக்கி வைத்தால் எப்படியோ அப்படித்தான் அந்த ஊர். ஊருக்குக் கிழக்கே சுவர் மாதிரி நிற்கும் மோன்செராத்தே இன்னும் மேலே, 3,152 மீட்டர். விடுதி மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் உச்சியில் வெள்ளையாகத் தேவாலயம் தெரியும், எட்டித் தொட்டுவிடலாம் போலிருக்கும். பாதி தூரம்கூட ஏறவில்லை, எனக்கு மண்டைக்குள் யாரோ உரல் இடிக்கிற மாதிரி ஆகிவிட்டது. இவருக்கு ஒன்றுமே இல்லை, முன்னால் விசிலடித்துக்கொண்டு போகிறார்! உயரம் ஒவ்வொரு உடம்பையும் ஒவ்வொரு விதமாகப் பிடிக்கும், அதற்கும் ஜிம்முக்குப் போவதற்கும் சம்பந்தமில்லை. ஜோடியில் நன்றாக இருப்பவரின் வேகத்துக்கு மற்றவர் வீம்புக்கு ஈடுகொடுக்கப் பார்ப்பதுதான் தப்பு. ரெண்டு நாள் நிறையத் தண்ணீர் குடித்துக்கொண்டு சமதளத்திலேயே சுற்றுங்கள், மலை எங்கேயும் போய்விடாது. பழனி மாதிரியே அங்கேயும் படி, விஞ்ச், ரோப் கார் மூன்றும் உண்டு. விஞ்ச் 1929இலிருந்தும் ரோப் கார் 1955இலிருந்தும் ஓடுகின்றன. படியில்தான் ஏறுவேன் என்றால் காலையில் கூட்டத்தோடு ஏறுங்கள், ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் அந்தப் பாதையில் வழிப்பறி நடப்பதுண்டு.

துணிமணி விஷயத்தை நீட்ட வேண்டாம். கொலம்பியா என்றதும் கடற்கரையை நினைத்து மெல்லிய துணியாக அடுக்காதீர்கள். வருஷம் முழுக்க சராசரி 14 டிகிரிதான், மத்தியானமானால் மழை, மழைக்கு முன்னால் வெயில் வந்தால் தோலை உரித்துவிடும். சுவரில் வருவது 110 வோல்ட், நம்மூர் கெட்டிலைச் சொருகினால் கால்வாசி சக்தியில்தான் சூடாகும். நாங்கள் நூடுல்ஸுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு அரை மணி நேரம் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்தது போன். லா காந்தெலாரியா என்கிற பழைய ஊர்ப் பகுதியில் ஓட்டு வீடுகளும் சுவர் ஓவியங்களுமாக எந்தப் பக்கம் திரும்பினாலும் படம் எடுக்கத் தோன்றும். அங்கே தெருமுனையில் ஒருவர் மேப்பைப் பிடித்துக்கொண்டிருக்க, இன்னொருவர் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து "இடமா, வலமா" என்று சண்டை போட்டுக்கொண்டு நிற்பார். நாலு கண்ணும் ஒரே திரையில் இருந்தால் பைக்கில் வருகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? ஒருவர் மேப் பார்த்தால் மற்றவர் சுவரோரம் நின்று தெருவைப் பார்க்க வேண்டும். அதைவிட நல்லது, பக்கத்துக் கடைக்குள் போய் ஒரு டின்டோ சொல்லிவிட்டு உள்ளே உட்கார்ந்து பார்ப்பது. (டின்டோ என்றால் அங்கே கட்டங்காப்பி. ஸ்பெயினில் சிவப்பு ஒயின்.)

உண்மையில் இந்த ஊரில் மேப் அவ்வளவு தேவைப்படாது. மலை தெரிகிற பக்கம் கிழக்கு. மலையை நோக்கிப் போகும் தெரு காய்யே, அதைக் குறுக்கே வெட்டுவது கர்ரேரா, ரெண்டுக்கும் எண்தான் பெயர். காய்யே 12, 5-32 என்று முகவரி இருந்தால், 12ஆம் காய்யேயில், 5ஆம் கர்ரேரா வெட்டும் முனையிலிருந்து சுமார் 32 மீட்டர். இதில் மாட்டிக்கொள்கிற இடம் "சூர்" என்ற ஒரு சொல். தெற்கு என்று அர்த்தம். காய்யே 26 வேறு, காய்யே 26 சூர் வேறு, ரெண்டும் ஊரின் வேறு வேறு மூலை. டாக்ஸிக்காரரிடம் சொல்லும் முன் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். ராத்திரியில் தெருவில் கைகாட்டி டாக்ஸி நிறுத்தாதீர்கள், ஆப் வழியாக அழையுங்கள். லா காந்தெலாரியாவில் பகலில் மாணவர்களும் ஆபீஸ்காரர்களும் நிறைந்திருப்பார்கள், ஆறு மணிக்கு இருட்டியதும் சட்டென்று காலியாகிவிடும். விடுதி மலிவு என்று அங்கேயே எடுப்பவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் மறுபடி போனால் அதற்கு வடக்கே உள்ள சப்பினேரோ பக்கம்தான் தங்குவேன்.

இப்போது எங்கள் மகா தப்புக்கு வருகிறேன். டிரான்ஸ்மிலேனியோ என்பது தனிப் பாதையில் ஓடும் சிவப்பு பஸ், 2000ஆம் ஆண்டிலிருந்து ஓடுகிறது, மெட்ரோ ரயில் இல்லாத ஊருக்கு அதுதான் முதுகெலும்பு. கார்டைத் தட்டி ஸ்டேஷனுக்குள் போக வேண்டும். ஒரே கார்டில் ரெண்டு பேருக்கும் தட்டலாமே என்று ஒரு கார்டுதான் வாங்கினோம். சிம்மும் ஒன்றுதான், என் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டால் போதாதா என்று மிச்சம் பிடித்தோம். சாயங்காலம் ஆறு மணி, நம்ம பாரிமுனை பஸ்ஸையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற கூட்டம். கதவு திறந்தது, கூட்டம் என்னை உள்ளே தள்ளியது, கதவு மூடியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இவர், கையில் கார்டு, போனில் நெட் இல்லை. பிரிந்துவிட்டால் என்ன செய்வது என்று நாங்கள் பேசி வைத்திருக்கவே இல்லை. நான் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி நின்றேன். இவரும் புத்திசாலித்தனமாக "அவள் அடுத்த ஸ்டேஷனில்தான் இறங்கியிருப்பாள்" என்று பின்னால் வந்த பஸ்ஸில் ஏறினார். அங்கே எல்லா பஸ்ஸும் எல்லா ஸ்டேஷனிலும் நிற்காது. எனக்கு நேர் எதிரே, கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு, கையை ஆட்டியபடி என் கணவர் கடந்து போனார். வெளியே போனால் திரும்ப உள்ளே வர என்னிடம் கார்டு கிடையாது. நாற்பது நிமிடம் கழித்துத்தான் சேர்ந்தோம், அதற்கு அப்புறம் ரெண்டு மணி நேரம் பேசிக்கொள்ளவில்லை.

ஆகவே ஆளுக்கொரு கார்டு, ஆளுக்கொரு சிம், பிரிந்தால் நேரே தங்குமிடம். பஸ் எண்ணில் உள்ள எழுத்து அது போய்ச் சேரும் மண்டலத்தைக் குறிக்கும், எனவே திரும்பி வரும்போது எழுத்து மாறிவிடும். விமான நிலையத்துக்குப் போவது கே86, அங்கிருந்து வருவது எம்86. போன எழுத்தையே தேடி நிற்காதீர்கள்.

பணமும் இதே கதைதான். ரெண்டு பேர் பேங்க் கார்டையும் ஒரே இடுப்புப் பையில் வைத்தால் அது போகும்போது ரெண்டும் சேர்ந்தே போகும். ஏடிஎம்மை மால் உள்ளே பார்த்து எடுங்கள். திரையில் "எங்கள் விகிதத்தில் மாற்றித் தரட்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்று அமுக்குங்கள், அந்த விகிதம் பெரும்பாலும் நமக்கு நஷ்டம். தெருவில் ஒருவர் போலீஸ் என்று சொல்லி "உங்கள் நோட்டு கள்ளநோட்டா பார்க்க வேண்டும்" என்றால் பர்ஸை நீட்டாதீர்கள், ஸ்டேஷனுக்கே வருகிறேன் என்று சொல்லுங்கள். பாரில் ஒருவர் டாய்லெட் போகும்போது மற்றவர் டம்ளரை விட்டு எழக்கூடாது. ஸ்கோபொலமின் என்கிற மயக்க மருந்தைக் கலந்து கொடுத்துக் கொள்ளையடிப்பது அங்கே உண்மையாக நடக்கிற விஷயம்.

சாப்பாட்டில் சைவக்காரர்கள் ஏமாறுகிற சொல் "கார்னே". அகராதியில் இறைச்சி, கடைக்காரர் மனதில் பெரும்பாலும் மாட்டிறைச்சி. "சின் கார்னே" (இறைச்சி இல்லாமல்) என்று நான் சொல்லி வாங்கிய சூப்பில் கோழி மிதந்தது. கோழி, மீன், பன்றி என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வேண்டாம் என்னுங்கள். பலகையில் "தமால்" என்று பார்த்து நம்ம ஆள் கடையோ என்று ஒரு நொடி துள்ளினேன். இலையில் கட்டி வேகவைத்த மக்காச்சோள மாவு, உள்ளே பன்றி. ஆனால் அக்வாபனேலா நமக்காகவே செய்தது போலிருக்கும்: சுடச்சுட வெல்லத் தண்ணீர், எலுமிச்சை பிழிந்து. அந்தக் குளிருக்கு நான் தினமும் ரெண்டு குடித்தேன்.

கிழமை பார்க்காமல் திட்டம் போடாதீர்கள். தங்க அருங்காட்சியகம் திங்கள்கிழமை மூடல், ஓவியர் பொத்தேரோ பெயரிலுள்ள அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடல். நாங்கள் ரெண்டு நாளும் சரியாகப் பூட்டிய கதவுக்கு முன்னால் போய் நின்றோம். ஞாயிறு காலை 7 முதல் 2 மணி வரை நூறு கிலோமீட்டருக்கும் மேலான சாலைகளைக் காருக்கு மூடி சைக்கிளுக்கு விட்டுவிடுகிறார்கள். அன்று டாக்ஸியில் போக நினைக்காமல் நீங்களும் இறங்கி நடங்கள், தங்க அருங்காட்சியகமும் அன்று இலவசம்.

கடைசித் தப்பு ஊர் திரும்பும்போது தெரியும், ஆனால் செய்வது கிளம்பும் முன். கொலம்பியா மஞ்சள் காய்ச்சல் நாடுகள் பட்டியலில் இருக்கிறது. தடுப்பூசி அட்டை இல்லாமல் அங்கிருந்து இந்தியா வந்தால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும் என்பதால் முந்தின வாரம் ஓடிப் பயனில்லை. சென்னைக்காரர்களுக்குக் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். அட்டையை ஆளுக்கொன்றாக அவரவர் பாஸ்போர்ட்டுக்குள் வையுங்கள். எங்களுடையது ரெண்டும் இவர் செக்-இன் செய்த பையில் இருந்தன.