24-ஆல் வகுத்துப் பாருங்கள்: முதல் மினியேச்சர் கார் செய்யும் முறை

ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2,400 மில்லிமீட்டர். அதை 24-ஆல் வகுத்தால் சரியாக 100. அதனால் 1/24 அளவில் ஒரு பீட்டில் செய்தால் அச்சுக்கு அச்சு பத்து சென்டிமீட்டர் வரவேண்டும். கிட்டை, அதாவது பாகம் பாகமாகப் பெட்டியில் வரும் மாடலை, பிரித்ததும் நான் முதலில் ஸ்கேல் வைத்துப் பார்ப்பது இதைத்தான்.

நுணுக்கமான மாடல் என்றால் பாகங்கள் நூற்றுக்கணக்கில் இருக்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். பெயிண்டின் கனம், வயரின் தடிமன், கதவின் இடுக்கு ஆகிய மூன்றும் அளவோடு இருந்தாலே போதும், போட்டோவில் நிஜக் கார் என்று நம்பிவிடுவார்கள். இந்தப் பதிவு முழுக்க அந்த வகுத்தல் கணக்கு வந்துகொண்டே இருக்கும்.

முதல் கிட்டாக நான் சொல்வது ஜப்பானின் ஷிசுவோகா நகரைச் சேர்ந்த தமியா நிறுவனத்தின் 1/24 பீட்டில் 1300, 1966 மாடல். பாகங்கள் இழுபறி இல்லாமல் பொருந்தும். பின்பக்க மூடிக்குள் எஞ்சினும் இருக்கிறது, வயர் வேலை பழக அது உதவும்.

வாங்க வேண்டியவை

பிளாஸ்டிக் வெட்டும் சின்னக் கட்டர் (நிப்பர்), பேனாக் கத்தி, ட்வீசர், பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டும் நீர்த்த சிமென்ட், 600 முதல் 3000 வரை வாட்டர் பேப்பர், மாஸ்கிங் டேப், பிரைமர் (கலருக்கு அடியில் அடிப்பது), கலர், கிளியர் (கலருக்கு மேல் அடிக்கும் நிறமில்லாத பூச்சு) ஸ்ப்ரேக்கள், பாலிஷ். 0.4 மில்லிமீட்டர் துளை போடும் கைத் துரப்பணம் ஒன்று. இதோடு ரசாயன ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க்கும் கட்டாயம் வாங்குங்கள். தூசுக்குப் போடும் துணி மாஸ்க் தின்னர் ஆவியைத் தடுக்காது.

வெட்டுவதும் தேய்ப்பதும்

பாகங்களை, அவை ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தோடு, பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். பிளாஸ்டிக்கை வார்க்கும் அச்சிலிருந்து எடுக்கும்போது ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயிண்ட் பிடிக்காது.

பாகத்தை ஒரே வெட்டில் எடுக்காதீர்கள். முதல் வெட்டு பாகத்திலிருந்து இரண்டு மில்லிமீட்டர் தள்ளி. மிச்சமிருக்கும் நுனியை அடுத்து கத்தியால் மெல்லிசாகச் சீவி எடுக்க வேண்டும். ஒட்ட வெட்டினால் பிளாஸ்டிக் வெளுத்துக் குழி விழும், பிறகு பட்டி பார்க்க வேண்டியிருக்கும்.

இனி பாடியை ஜன்னல் பக்கம் எடுத்துப்போய் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் முடி போல ஒரு கோடு ஓடும். கண்ணுக்குத் தப்பினாலும் நகத்துக்குத் தப்பாது. 600-ல் தொடங்கி 1000-ல் முடித்து, அந்தக் கோடு முழுவதும் மறையும்வரை தேயுங்கள். பீட்டில் முழுக்க உருண்டைதான். அந்த உருண்டையில் வெளிச்சம் ஓர் இடத்தில் முறிந்தாலும் பொம்மைக் கார் ஆகிவிடும்.

பிரைமருக்கு முன் செய்யவேண்டிய இன்னொரு வேலை கதவு, பானெட், எஞ்சின் மூடி இவற்றின் இடுக்குகள். கத்தி முனையின் முதுகுப் பக்கத்தால் அந்தக் கோடுகளில் மூன்று நான்கு முறை மெதுவாக இழுத்து ஆழப்படுத்துங்கள். அகலப்படுத்த வேண்டாம். நிஜக் காரில் 4 மில்லிமீட்டர் இடுக்கு என்றால் இங்கே 0.17 தான் வரும். ஆழம் இல்லையென்றால் மூன்று கோட் பெயிண்டில் கதவே மூடிப்போகும்.

பெயிண்ட்

இந்த வேலையில் பாதி நேரம் இங்கேதான் போகும், போகட்டும். மாடலின் மேல் பெயிண்ட் 0.1 மில்லிமீட்டர் கனத்தில் உட்கார்ந்தால், நிஜக் காரில் அது 2.4 மில்லிமீட்டர். தோசை மாவை ஊற்றியது போலத் தெரியும். அதனால் எல்லாமே மெல்லிய கோட்டுகள்.

டப்பாவை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். 20 முதல் 25 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்து, பாடிக்கு வெளியே அடிக்கத் தொடங்கி, பாடியைக் கடந்து, வெளியே போய் நிறுத்த வேண்டும். பாடியின் மேலேயே தொடங்கினாலோ நிறுத்தினாலோ அந்த இடத்தில் சொட்டு விழும். முதல் பிரைமர் கோட் சும்மா தூவியது போல இருந்தால் போதும். பிரைமர் காய்ந்ததும் பாருங்கள், நீங்கள் விட்டுவிட்ட கீறல்கள் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். அவற்றைத் தேய்த்து மறுபடி பிரைமர்.

பிறகு கலர். நான் அடித்தது இளநீலம், லாக்கர் (தின்னரில் கரைத்த, சீக்கிரம் காயும் பெயிண்ட்). கலர் அடிக்கும் அன்றே டேஷ்போர்டையும் கூடவே அடித்துவிடுங்கள். பீட்டிலின் டேஷ்போர்டு தகரம்தான், பாடியின் கலரிலேயே இருக்கும். புதிதாகச் செய்பவர்கள் அதைக் கருப்பாக்கிவிடுவார்கள். ஒரே ஒரு வட்ட ஸ்பீடோமீட்டர், அதைச் சுற்றி பாடி கலர்: கதவு ஜன்னல் வழியாக இது தெரிந்தாலே பீட்டில் என்று அடையாளம் வந்துவிடும்.

சென்னை போன்ற ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழையில் லாக்கர் அடிக்காதீர்கள். காற்றின் ஈரம் காயாத பெயிண்டில் படிந்து வெள்ளை மூட்டம் போட்டுவிடும். மழை விட்டு வெயில் வந்த இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு மேல் அடிப்பது என் வழக்கம். இன்னொன்று: கார் பெயிண்ட் கடையில் கிடைக்கும் ஸ்ப்ரேயில் தின்னர் கடுமையாக இருக்கலாம், பிரைமர் இல்லாத பிளாஸ்டிக்கை அது அரித்துவிடும். முதலில் வெட்டி எறிந்த சட்டத் துண்டில் அடித்துப் பாருங்கள்.

கலருக்கு மேல் மூன்று கோட் கிளியர். அதன்பின் பாடியை ஒரு டப்பாவுக்குள் கவிழ்த்து வைத்து ஒரு வாரம் மறந்துவிடுங்கள். தூசியும் தலைமுடியும்தான் எதிரி. காயாத பெயிண்டில் ஒட்டிய ஒரு முடி, நிஜக் கார் அளவில் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் தடித்த கம்பி. காய்ந்ததா என்று தொட்டுப் பார்க்க வேண்டாம், முகர்ந்து பாருங்கள். தின்னர் வாசனை துளி இருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கிறது.

வாசனை போனதும் ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த 2000, அடுத்து 3000 வாட்டர் பேப்பரால் எடுக்க வேண்டும். கதவு விளிம்பு, மட்கார்டு விளிம்பு போன்ற முனைகளில் பெயிண்ட் மெலிதாகத்தான் நிற்கும், இரண்டு தேய்ப்பில் பிரைமர் எட்டிப் பார்க்கும். அங்கெல்லாம் டேப் ஒட்டிவிட்டு நடுப்பகுதியை மட்டும் தேயுங்கள். கடைசியில் பாலிஷ், மென்மையான துணி, விரல் நுனி அழுத்தம். கூரையில் டியூப்லைட் வளையாமல் நேர்கோடாகத் தெரிந்தால் நிறுத்திவிடலாம்.

எஞ்சின் வயர்

பீட்டில் 1300-இன் எஞ்சின் 1,285 சிசி, காற்றில் குளிரும், பின்னால் படுத்த நிலையில் நான்கு சிலிண்டர்கள். ரேடியேட்டர் கிடையாது. மின்சாரத்தைப் பிளக்குகளுக்குப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து பிளக்குகளுக்கு நான்கு வயர், அந்த மின்சாரத்தைத் தரும் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒன்று. மொத்தம் ஐந்து வயர்தான் வேலை.

நிஜ வயரின் தடிமன் சுமார் 7 மில்லிமீட்டர். வகுத்தால் 0.3. மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் 30 கேஜ் தாமிர வயர் கேளுங்கள், அது 0.315 மில்லிமீட்டர், கச்சிதம். ஒரு முழ நீளமே தாராளம். வளைத்தால் வளைத்தபடி நிற்பது இதில் பெரிய வசதி. கருப்பு பெயிண்டில் தோய்த்துக் காயவையுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டரின் தலையில் 0.4 துரப்பணத்தால் நடுவில் ஒரு துளை, சுற்றி நான்கு. துரப்பணத்தை அழுத்தாமல் விரலால் உருட்டுங்கள். துளைக்கு முன் ஊசி முனையால் ஒரு புள்ளி குத்திக்கொண்டால் வழுக்காது. நடு வயர் காயிலுக்கு. அந்தக் காயில் விசிறிக் கூட்டின் மேல் பொருத்தப்பட்டிருக்கும். மற்ற நான்கில் வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் இரண்டு போக வேண்டும். முனைகள் தகரத்துக்குள் மறையும், மறையும் இடத்தில் கருப்பு ரப்பர் மூடி தெரியும். அதற்கு ஒரு சொட்டு கெட்டியான கருப்பு பெயிண்ட் போதும். வயர்களை விறைப்பாக இழுக்காமல் லேசாகத் தொய்ய விடுங்கள். நிஜ எஞ்சினில் எந்த வயரும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நிற்பதில்லை.

குரோம், டயர், கண்ணாடி

பக்கவாட்டில் ஓடும் வெள்ளிப் பட்டைக்கு, ஒட்டும் பசையோடு வரும் மெல்லிய குரோம் தாள்தான் என் தேர்வு. பிரஷ்ஷில் அடித்த வெள்ளிப் பெயிண்ட் சாம்பலாகத்தான் தெரியும். தாளைப் பட்டையைவிட அகலமாக வெட்டி ஒட்டி, பல்குச்சியின் மழுங்கிய முனையால் ஓரங்களில் அழுத்தித் தேய்த்து, புது பிளேடால் இரண்டு ஓரமும் கோடிழுத்து மிச்சத்தை உரியுங்கள். பழைய பிளேடு தாளைக் கிழிக்கும், வெட்டாது. டயரின் நடுவில் ஓடும் அச்சுக்கோட்டை 600-ல் தேய்த்தால் ரப்பரின் பளபளப்பும் சேர்ந்து போய், ரோட்டில் ஓடிய டயராகிவிடும்.

கண்ணாடிக்கு சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம். என் இரண்டாவது காரில், எல்லாம் முடிந்த இரவு முன் கண்ணாடியை அதனால் ஒட்டிப் படுத்தேன். காலையில் உள்பக்கம் முழுக்கப் பனி படர்ந்தது போல வெளுத்திருந்தது. ஆவி செய்த வேலை. பாடியைப் பிரிக்காமல் துடைக்க வழியில்லை, பிரித்தபோது கூரைத் தூண் முறிந்தது. ஃபெவிக்கால் போதும். காய்ந்தால் தெளிவாகிவிடும், பிசகினால் ஈரத் துணியால் துடைக்கலாம்.

போட்டோ எடுக்கும்போது போனை மேலிருந்து பிடிக்காதீர்கள். நிற்கும் மனிதரின் கண் உயரம் சுமார் 1.6 மீட்டர். 24-ஆல் வகுத்தால் 6.7 சென்டிமீட்டர். லென்ஸை மேசையிலிருந்து அந்த உயரத்துக்கு இறக்கி, கொஞ்சம் தள்ளி வைத்து, ஜூம் செய்து எடுங்கள்.