எழுத்துக்கும் கொம்பு, மானுக்கும் கொம்பு: முதல் பின்நவீனப் போஸ்டர் செய்வோம்

திருகோணமலைக் கோட்டைக்குள், கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில், ஒரு கலைமான் பொலித்தீன் பையை மென்றுகொண்டு நின்றதைப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை. அதையே போஸ்டராக்குவோம். வாசகம்: கோட்டை மான் மெல்வது புல் அல்ல.

பின்நவீனம் என்றால் கண்டபடி கிறுக்குவது அல்ல, ஒழுங்கைத் தெரிந்துகொண்டு அதை வேண்டுமென்றே உடைப்பது. சுவிட்சர்லாந்தின் பாசல் கலைப் பள்ளியில் 1968 முதல் கற்பித்த வொல்ஃப்காங் வைன்கார்ட், அச்சுக் கோக்கும் தொழிலை முறையாகப் பழகியவர். கட்டத்துக்குள் எல்லாவற்றையும் அடுக்கும் சுவிஸ் ஒழுங்கைக் கைக்குள் வைத்துக்கொண்டுதான் அதை உடைத்தார். நாமும் கட்டத்திலிருந்தே தொடங்குவோம்.

ஒரு ஏ3 தாளை நிமிர்த்தி வைத்து, பென்சிலால் அகலத்தில் 3, உயரத்தில் 4 எனப் பிரியுங்கள். ஒவ்வொரு கட்டமும் சுமார் 10 சென்ரிமீற்றர் வரும்.

அடுத்து மானின் படம். கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்து, கடையில் 200 வீதத்துக்குப் பெருப்பித்து போட்டோகொப்பி எடுங்கள். அந்தக் கொப்பியின் தலைப் பகுதியை மட்டும் வெட்டி மறுபடி பெருப்பியுங்கள். மூன்றாம் முறை மயிர் மறைந்து புள்ளிகளும் திட்டுகளும் தெரியும். வைன்கார்டும் அச்சுப் புள்ளிகளை இப்படித்தான் பெரிதாக்கிக் காட்டினார்.

இனி எழுத்து. இங்கே அவசரப்பட வேண்டாம். வாசகத்தைத் தடித்த எழுத்தில் பெரிதாக எடுத்து, கத்தரிக்கோலுடன் உட்காருங்கள். ‘கோ’ மூன்று துண்டு: இரட்டைக் கொம்பு, க, கால். இடையில் நாலு விரல் இடைவெளி விட்டாலும் கண் சேர்த்து வாசித்துவிடும். அப்புறம் என்ன, அந்தக் கொம்பைத் தூக்கி மானின் தலையில் வையுங்கள். ‘மெ’யின் கொம்பையும் ‘டை’யின் கொம்பையும் அப்படியே பிரிக்கலாம். ஆனால் ‘பு’வின் கீழ்க்கோட்டை வெட்டினால் ‘புல்’ ‘பல்’ ஆகிவிடும். மெல்லுகிற மானுக்கு அதுவும் பொருந்தும் என்று தோன்றினால் துணிந்து வெட்டுங்கள். மெய்யெழுத்துகளின் புள்ளிகளை மட்டும் தொலைக்காதீர்கள்.

சரி, இப்போது அடுக்கு. சொற்களை ஓஎச்பி ஷீட்டில் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில்) கொப்பி எடுத்து, படத்தின் மேல் நகர்த்திப் பாருங்கள். ஒரு சொல் கட்டத்தோடு ஒட்டி நிற்கட்டும், மற்றது சரியட்டும். எல்லாமே சரிந்தால் சரிவு தெரியாது. அமெரிக்காவின் கிரான்புரூக் கலைக் கல்லூரிக்காக வடிவமைப்பாளர் கதரின் மக்கோய் 1989இல் செய்த போஸ்டரைத் தேடிப் பாருங்கள். மாணவர்களின் படைப்புகளுக்கு மேல் சொற்கள் படர்ந்து, பார்ப்பதும் வாசிப்பதும் ஒன்றாக நடக்கும்.

பிடித்த இடத்தில் ஒட்டி, முழுவதையும் ஒருமுறை கொப்பி எடுங்கள். ஒட்டிய விளிம்புகளின் நிழல் மெல்லிய கோடாக விழும். திருத்த மையால் அழிக்க வேண்டாம். வெட்டி ஒட்டிய கை அதில் தெரியட்டும்.