வலி மிகுந்த வரலாற்றைப் பிள்ளைகளோடு திரையில் பார்ப்பது எப்படி?

என் மகளுக்கு ஒன்பது வயது இருக்கும்போது, இரண்டாம் உலகப்போரைப் பற்றிய ஓர் ஆவணப்படத்தை நான் முன்கூட்டிப் பார்க்காமலேயே அவளுக்குப் போட்டுவிட்டேன். பிணக்குவியலை புல்டோசர் குழிக்குள் தள்ளும் காட்சி வந்தது. நான் ரிமோட்டைத் தேடி எடுப்பதற்குள் அவள் பார்த்துவிட்டாள். அடுத்த ஒரு வாரம் இரவில் விளக்கை அணைக்க விடவில்லை. "அம்மா, அவங்கெல்லாம் நிஜ மனுஷங்களா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

இனி இதெல்லாம் வேண்டாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் நாம் காட்டாவிட்டாலும் யாருடைய போனிலாவது ஒருநாள் பார்க்கத்தான் போகிறார்கள். அப்போது பக்கத்தில் பதில் சொல்ல ஆள் இருக்காது. அதனால் முறையாகச் செய்யக் கற்றுக்கொண்டேன். புதிதாகத் தொடங்கும் பெற்றோருக்காக அதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: முதலில் நீங்கள் தனியாக, முழுவதுமாகப் பாருங்கள்

கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். எத்தனையாவது நிமிடத்தில் என்ன வருகிறது, எதைத் தாண்ட வேண்டும், எங்கே நிறுத்திப் பேச வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேளுங்கள். பல படங்களில் காட்சியைவிடப் பின்னணி இசைதான் பிள்ளைகளை அதிகம் மிரட்டுகிறது.

படம் முழுவதையும் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. முதல் தடவைக்கு எட்டு, பத்து நிமிடம் போதும். கோரமான காட்சி இருந்தால்தான் உண்மை உறைக்கும் என்பதும் சரியல்ல. யூத இனப்படுகொலையைப் பற்றி 1985-இல் வந்த 'ஷோவா' ஆவணப்படம் ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் ஓடும். அதில் பழைய படச்சுருள் ஒன்றுகூடக் கிடையாது; நேரில் கண்டவர்கள் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

படி 2: வயதைப் பாருங்கள், பிள்ளையையும் பாருங்கள்

வாஷிங்டனில் உள்ள அமெரிக்க ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகம், ஹோலோகாஸ்ட் எனப்படும் அந்த யூத இனப்படுகொலையைப் பற்றிய பாடத்தை ஆறாம் வகுப்பிலிருந்து எடுப்பதே பொருத்தம் என்கிறது. இது நல்ல அளவுகோல். ஆனால் அதே வயதில் ஒரு பிள்ளை தாங்குவதை இன்னொரு பிள்ளை தாங்காது. உங்கள் பிள்ளையை நீங்கள்தான் அறிவீர்கள்.

படி 3: எண்ணிக்கையிலிருந்து தொடங்காதீர்கள், ஓர் ஆளிடமிருந்து தொடங்குங்கள்

லட்சக்கணக்கானோர் இறந்தார்கள் என்றால் பத்து வயதுப் பிள்ளைக்கு அது வெறும் எண். ஹிரோஷிமாவில் 1945 ஆகஸ்ட் 6 அன்று குண்டு விழுந்தபோது சடாகோ சசாகிக்கு இரண்டு வயது. காயமில்லாமல் தப்பினாள், ஓடியாடி வளர்ந்தாள். கதிர்வீச்சின் விளைவாக வந்த ரத்தப் புற்றுநோயால் 1955-இல், பன்னிரண்டு வயதில் இறந்தாள். மருத்துவமனைப் படுக்கையில் அவள் காகிதக் கொக்குகள் மடித்ததைச் சொன்னால், கேட்கும் பிள்ளைக்கு அணுகுண்டு ஒரு சிறுமியின் வாழ்க்கைக்குள் வந்த விஷயமாகப் புரிந்துவிடும்.

அமெரிக்காவின் நிறவெறியைச் சொல்ல கறுப்பினச் சிறுமி ரூபி பிரிட்ஜஸின் கதை இருக்கிறது. 1960 நவம்பர் 14 அன்று, ஆறு வயதில், நியூ ஆர்லியன்ஸில் அதுவரை வெள்ளையர் பிள்ளைகள் மட்டுமே படித்த பள்ளிக்கு அரசுக் காவலர்கள் சூழ நடந்து போனவர். என் மகளிடம் இரண்டாவது முறை நான் தொடங்கியது இந்த இடத்தில்தான்.

படி 4: போடுவதற்கு முன் ஐந்து நிமிடம்

வரைபடத்தில் அந்த ஊரைக் காட்டுங்கள். எந்த ஆண்டு, அப்போது தாத்தா பாட்டிக்கு என்ன வயது என்று சொல்லுங்கள். கருப்பு வெள்ளைப் படம் என்றாலே ஏதோ ராஜாக்கள் காலம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். சோகமான இடம் வரப்போகிறது என்பதையும் மறைக்காதீர்கள். கையைத் தூக்கினால் உடனே நிறுத்திவிடுவேன் என்று வாக்குக் கொடுங்கள். தூக்கினால் காரணம் கேட்காமல் நிறுத்துங்கள். ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். தூங்கப் போகும் நேரம் வேண்டவே வேண்டாம்.

படி 5: நடுநடுவே நிறுத்தி, கேமரா யார் கையில் இருந்தது என்று கேளுங்கள்

எல்லாப் படிகளிலும் நான் அதிகம் மதிப்பது இதைத்தான். 1942 மே மாதம் போலந்தின் வார்சாவில் யூதர்களை அடைத்து வைத்திருந்த பகுதிக்குள் ஹிட்லரின் நாஜிகளே ஒரு படக்குழுவை அனுப்பினார்கள். பட்டினியால் தெருவில் கிடப்பவர்களையும், நல்ல உடை உடுத்தி விருந்து உண்பவர்களையும் எடுத்தார்கள். வசதியாக வாழ்வது போன்ற காட்சிகளில் பல, அங்கிருந்தவர்களை மிரட்டி நடிக்க வைத்தவை. யூதர்கள் தங்கள் ஆட்களைப் பற்றியே கவலைப்படாதவர்கள் என்று காட்டுவது நோக்கம். பிற்காலத்தில் அந்தச் சுருள்கள் பல ஆவணப்படங்களில் உண்மைப் பதிவாகவே காட்டப்பட்டன.

இதைச் சொன்னதும் என் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்போ படத்துல காட்டுறதும் பொய்யா இருக்கலாமா?" இருக்கலாம். யார் எடுத்தது, யாருக்காக, எதை விட்டுவிட்டார்கள் என்று கேட்கப் பழகிய பிள்ளை, பயத்தில் உறைந்துபோய்ப் பார்ப்பதில்லை, தேடிப் பார்க்கிறது.

படி 6: நம்மவர் செய்த தவற்றைத் தாண்டாதீர்கள்

கை தானாக ரிமோட்டுக்குப் போகும் இடம் இது. நாஜி வதைமுகாம்களைப் பற்றி பிரெஞ்சு இயக்குநர் அலென் ரெனே 1956-இல் வெளியிட்ட 32 நிமிட 'நைட் அண்ட் ஃபாக்' படத்தில், யூதர்களை அடைத்து வைத்த பிரான்சின் பிதிவியே முகாமைக் காவல் காக்கும் ஒரு பிரெஞ்சுக் காவலர் தெரிகிறார். அவருடைய தொப்பியை மறைக்க வேண்டும் என்றது பிரெஞ்சுத் தணிக்கைக் குழு. பிரெஞ்சுக் காவலரும் இதற்கு உடந்தை என்று தெரியக்கூடாதாம். பின்னாளில் அந்த மறைப்பு நீக்கப்பட்டது. வீட்டில் நாம் அந்தத் தணிக்கை வேலையைச் செய்யக்கூடாது. "நம்ம ஆளுங்களும் செஞ்சாங்க, அது தப்பு" என்று சொல்லும்போது குரல் தடுமாறினால் தடுமாறட்டும். அதே சமயம், அந்த மக்கள் கூட்டமே கெட்டது என்ற எண்ணம் பிள்ளை மனதில் விழாதபடி, செய்தவர் யார், உத்தரவிட்டவர் யார் என்று பிரித்துச் சொல்லுங்கள்.

படி 7: முடிந்த பிறகு

என்ன புரிந்தது என்று பரீட்சை வைக்காதீர்கள். பக்கத்தில் இருங்கள், அவ்வளவே. வரையட்டும், விளையாடட்டும். அழுதால் அழட்டும்.

உதவியவர்களைப் பற்றியும் சொல்லுங்கள். 1940-இல் லிதுவேனியாவில் இருந்த ஜப்பானியத் தூதரக அதிகாரி சியுனே சுகிஹாரா, மேலிடத்தின் பேச்சை மீறி, தப்பியோட வந்த யூதர்களுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட விசாக்கள் எழுதிக் கொடுத்தார். ஆனால் இப்படிப்பட்டவர்கள் மிகச் சிலரே என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் சுபமாக முடிந்த கதை ஆகிவிடும்.

தூக்கம் கெடுவது, தனியாக இருக்கப் பயப்படுவது போன்றவை சில வாரங்களுக்கு மேல் நீடித்தால் மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள்.

கேள்விகள் அன்றைக்கே வராது. ரூபியைப் பற்றிப் பார்த்து மூன்று வாரம் கழித்து, பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது என் மகள் கேட்டாள்: "அந்த டீச்சர் வருஷம் முழுக்க ஒரே ஒரு பிள்ளைக்கா பாடம் எடுத்தாங்க?"

ஆமாம், அவர் பெயர் பார்பரா ஹென்றி என்றேன்.

"மத்தப் பிள்ளைங்க?"

"அவங்க அம்மா அப்பா அனுப்பல."

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, அந்த எட்டு நிமிடத்தை இன்னொரு முறை போடச் சொன்னாள்.