விம்பிள்டனை நேரில் பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டன் விம்பிள்டன் டென்னிஸின் முதன்மை அரங்கமான சென்டர் கோர்ட்டில் உட்கார்ந்தால்தான் விம்பிள்டன் என்று பிடிவாதம் பிடிப்பதில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன. டிக்கெட்டுக்கான குலுக்கலுக்கு முந்தைய ஆண்டே விண்ணப்பிக்க வேண்டும். பெயர் விழுந்தாலும் எந்த நாள், எந்த கோர்ட் என்பது நம் கையில் இல்லை. விழாதவர்கள் இணையத்தில் யாராவது டிக்கெட் விற்கிறார்களா என்று தேடுகிறார்கள். அது வேண்டாம். குலுக்கலில் வந்த டிக்கெட்டை இன்னொருவருக்கு விற்கக் கூடாது. கண்டுபிடித்தால் ரத்து, வாசலோடு திரும்ப வேண்டியதுதான். முறைப்படி கைமாற்றக்கூடியது டிபெஞ்சர் டிக்கெட் (கிளப்பின் கடன் பத்திரம் வாங்கியவர்களுக்குக் கிடைக்கும் இருக்கை) மட்டும். அதன் விலையைக் கேட்டால் விமானக் கட்டணம் பரவாயில்லை என்று தோன்றும்.

சாதாரண ரசிகருக்கு வழி, கியூதான் – அன்றைய டிக்கெட்டுக்காக வாசலில் நிற்கும் வரிசை. சென்டர் கோர்ட், நம்பர் 1, நம்பர் 2 மூன்றுக்கும் தலா சுமார் 500 டிக்கெட்டுகள் தினமும் கியூவில் நிற்பவர்களுக்கு ஒதுக்கப்படுகின்றன (கடைசி நாட்களில் சென்டர் கோர்ட்டுக்குக் கிடையாது). மற்றவர்களுக்கு கிரவுண்ட்ஸ் பாஸ், அதாவது இந்த மூன்றைத் தவிர மற்ற கோர்ட்டுகளைப் பார்க்கும் நுழைவுச்சீட்டு. துண்டு போட்டு இடம் பிடிக்கிற வித்தை இங்கே செல்லாது. வந்து சேருகிற ஒவ்வொருவருக்கும் தேதியும் எண்ணும் போட்ட ஒரு கார்டு. ஒரு கார்டுக்கு ஒரு டிக்கெட். ‘மாமா பின்னாடி வர்றார்’ என்றால், மாமா வரிசையின் கடைசியில் போய் நிற்பார், அவ்வளவுதான். கழிப்பறைக்கோ காபிக்கோ போனால் அரை மணிக்குள் திரும்பிவிட வேண்டும். முன்னிரவே கூடாரம் போட்டுப் படுக்க நினைத்தால் இருவர் படுக்கும் சிறிய கூடாரத்துக்கு மட்டும்தான் அனுமதி. கோடைதானே என்று கம்பளி இல்லாமல் போய்விடாதீர்கள். லண்டனின் ஜூன் இரவு நம் ஊட்டி மாதிரி.

பெயரைப் பார்த்து விம்பிள்டன் ஸ்டேஷனில் இறங்குவது இன்னொரு தவறு. லண்டன் மெட்ரோவின் டிஸ்ட்ரிக்ட் லைனில் சவுத்ஃபீல்ட்ஸில் இறங்கினால் கால் மணி நடைதான்.

கிரவுண்ட்ஸ் பாஸ் கிடைத்ததும் முகம் தொங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். நம்பர் 3 முதல் 18 வரையிலான கோர்ட்டுகளில் முன்பதிவு இல்லாத இருக்கைகளில் உட்கார்ந்துகொள்ளலாம். முதல் வாரம் இங்கே ஒரே நாளில் நாலைந்து ஆட்டங்களை, வீரர் மூச்சு வாங்குவது காதில் விழும் தூரத்தில் பார்க்கலாம். டென்னிஸ் வரலாற்றின் மிக நீண்ட ஆட்டமாக, 2010இல் இஸ்னரும் மாஹூவும் மூன்று நாட்களில் 11 மணி 5 நிமிடம் மோதியது 18ஆம் கோர்ட்டில்தான். தவறு எங்கே நடக்கிறது என்றால், மதியம் சாவகாசமாக வருவதில். வெளி கோர்ட்டுகளில் ஆட்டம் 11 மணிக்கே தொடங்கிவிடும். முந்தின நாள் மாலையே வெளியாகும் ஆட்ட அட்டவணையைப் பார்த்து, பிடித்த ஆட்டத்துக்கு முந்தைய ஆட்டத்திலேயே போய் உட்கார்ந்துவிடுங்கள். நடுவில் எழுந்து நடக்க முடியாது. வீரர்கள் பக்கம் மாறும்போதுதான் உள்ளே போகவும் வெளியே வரவும் விடுவார்கள்.

சென்டர் கோர்ட் ஆசை அப்போதும் தீரவில்லையா? சீக்கிரம் கிளம்பிப் போகிறவர்கள் விட்டுச்செல்லும் டிக்கெட்டுகள் மாலையில் சொற்ப விலைக்கு மறுவிற்பனைக்கு வரும். அந்தப் பணம் அறப்பணிக்குப் போகிறது. இதற்கு விம்பிள்டன் செயலி வேண்டும், நீங்கள் மைதானத்துக்குள்ளும் இருக்க வேண்டும். ஜூலை ஆரம்பத்தில் இரவு 9 மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும், அதனால் ஐந்து மணிக்கே மூட்டை கட்ட வேண்டாம்.

தூறல் விழுந்ததும் ஓட்டலுக்கு ஓடுவதும் வழக்கமான தவறு. ஈரப் புல் வழுக்கும் என்பதால் நாலு சொட்டுக்கே ஆட்டத்தை நிறுத்தி, கோர்ட்டைத் தார்ப்பாயால் மூடிவிடுவார்கள். கூரை இருப்பது சென்டர் கோர்ட்டுக்கும் (2009 முதல்) நம்பர் 1க்கும் (2019 முதல்) மட்டுமே. ஆனால் மழை விட்டால் தார்ப்பாய் சுருண்டுவிடும். பொறுத்திருந்தவருக்கு முன்வரிசை காலியாகக் கிடைக்கும்.

பை விஷயத்திலும் கறார்தான்: ஆளுக்கு ஒன்று, 40 × 30 × 30 செ.மீ.க்குள். சாப்பாடு கொண்டுபோகலாம், செல்ஃபி ஸ்டிக்கை அறையிலேயே வைத்துவிடுங்கள். அப்புறம், பணத்தை நோட்டாக நம்பிப் போகாதீர்கள், வங்கிக் கார்டுதான் அங்கே பேசும். இந்திய வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பெரும்பாலும் அணைத்தே இருக்கும். விமானம் ஏறும் முன் வங்கிச் செயலியில் அதையும், தொட்டுச் செலுத்தும் வசதியையும் போட்டுவிடுங்கள்; சவுத்ஃபீல்ட்ஸ் ரயிலுக்கும் அதே கார்டைத் தட்டிக்கொள்ளலாம்.