விழித்திரையில் முளைக்கும் புதுக் குருதிக்குழாய்கள்: நாம் விடும் தவறுகள்

சுன்னாகத்திலிருந்து கண் கிளினிக்குக்கு வந்திருந்த முதியவர் ஒருவர், "பேப்பரைக் கண்ணாடி இல்லாமலே வாசிக்கிறன் தம்பி, பிறகேன் மருந்து விட்டுப் பாக்கிறியள்?" என்று கேட்டார். அவருக்குப் பதினைந்து வருடச் சலரோகம் (நீரிழிவு). கண்மணியை விரித்துப் பார்த்தபோது, பார்வை நரம்பு தொடங்கும் இடத்தில் சிக்குண்ட நூல்போல மெல்லிய புதுக் குருதிக்குழாய்கள் படர்ந்திருந்தன. பார்வை தெளிவாக இருந்தால் விழித்திரையும் நலமாகவே இருக்கும் என்று எண்ணுவதுதான் இங்கே மிகப் பரவலான தவறு. இக்குழாய்கள் உடைந்து குருதி கசியும்வரை வலியோ மங்கலோ தோன்றாமலே இருக்கலாம்.

இக்குழாய்களையே நோய் என்று கொள்வது அடுத்த தவறு. நெடுங்காலம் கூடிய சீனி, மயிர்த்துளைக்குழாய்களைத் தாங்கும் கலங்களை அழிக்க, குழாய்கள் அடைபட்டு விழித்திரையின் சில பகுதிகள் ஒட்சிசனுக்கு ஏங்குகின்றன. ஒட்சிசன் போதியளவு இருக்கையில் ஹிப்-1 என்ற புரதத்தின் ஒரு கூறு உருவான சிறிது நேரத்திலேயே சிதைக்கப்படும். ஒட்சிசன் குறைந்தால் அது சிதையாமல் நிலைத்து, வி.ஈ.ஜி.எப். எனும் குருதிக்குழாய் வளர்ச்சிக் காரணியைக் கூடுதலாகச் சுரக்கவைக்கும். இத்தகைய தூண்டுபொருள் ஒன்று இருக்கவேண்டும் என்று ஐசாக் மைக்கல்சன் என்ற கண் மருத்துவர் 1948இலேயே கருதியிருந்தார். வாய்க்கால் அடைபட்டு வெங்காயப் பாத்தி வாடுகையில், யாரோ அவசரப்பட்டு வரம்பை வெட்டிவிட்டால் தண்ணீர் கண்டபடி பாயுமே, ஏறக்குறைய அந்தக் கதைதான்.

ஆனால் அக்காரணியை எதிரியாகவே சித்திரிப்பதும் பிழை. இயல்பான குழாய்கள் வளரவும் அதுவே வேண்டும். 1940களிலும் 50களின் தொடக்கத்திலும் குறைமாதக் குழந்தைகளுக்கு ஒட்சிசனை அளவின்றிக் கொடுத்தபோது அதன் சுரப்பு அடங்கி, விழித்திரைக் குழாய்களின் வளர்ச்சி பாதியில் நின்றது. பின்னர் வளரும் விழித்திரைக்கு ஒட்சிசன் போதாமற்போக, காரணி மிகுந்து குழாய்கள் தாறுமாறாகப் படர்ந்தன. பல குழந்தைகள் பார்வையிழந்தனர்.

வி.ஈ.ஜி.எப். காரணியைக் கட்டிப்போடும் ஊசியை ஒருமுறை போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் பலர். மருந்து சில வாரங்களில் தேய்ந்துவிடும். விழித்திரையின் பட்டினி தீராதவரை குழாய்கள் மீண்டும் முளைக்கக்கூடும். நல்லூர்த் திருவிழா முடியட்டும் என்று அடுத்த ஊசி தள்ளிப்போடப்படும் 25 நாட்கள், எனக்குத் தெரிந்தவரை, சிறு தாமதமல்ல. சீனியை ஒரேயடியாக இறக்கினாலும் தொடக்கத்தில் விழித்திரை நோய் சற்று மோசமாகலாம். அதற்காகக் கட்டுப்பாட்டைக் கைவிடக்கூடாது. இன்சுலின் கூட்டுவதற்கு முன்னரே கண்ணைக் காட்டிக்கொள்ள வேண்டும்.

இந்நோய்க்குச் செய்யும் லேசர் சிகிச்சை புதுக் குழாய்களையே எரிக்கிறது என்பதும் தவறான எண்ணம். ஓரத்து விழித்திரையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறு சூடுகள் வைக்கப்பட, ஒட்சிசனை அதிகம் உண்ணும் கலங்கள் குறைந்து, எஞ்சிய பகுதிக்கு அது போதுமானதாகிறது. காரணியின் சுரப்பும் தணிகிறது. விலையாக, இருட்டுப் பார்வையும் பக்கப் பார்வையும் ஓரளவு குறையும். சுன்னாகத்துக்காரர் இதைக் கேட்டுவிட்டு, சம்மதக் கையெழுத்துக்கு முன் ஒன்றைத்தான் கேட்டார்: "அப்ப பொழுதுபட்டாப்பிறகு சைக்கிள் ஓடேலாதோ?"